அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசிப்போம்

சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிச் சில வாரங்களுக்கு முன் இப்பத்திரிகையில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதை வாசித்த அன்பர் ஒருவர் எமக்கு நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். கடிதத்தில் கோபம் இல்லை, வருத்தமே இருக்கிறது. குடும்பமாக இருந்து வாசிக்கும் ஒரு கத்தோலிக்க பத்திரிகையில் இந்த அசிங்கங்கள் எதற்கு என்பது அவருடைய முதற் கேள்வி. இரண்டாவது கேள்வி பாரமானது. பிறருடைய குற்றங்குறைகளை வெளியே சொல்லித் திரிவது பாவமென்று மறைக்கல்வி வகுப்பில் எமக்குப் படிப்பித்தவர்கள் குருக்களாகிய நீங்களே. தவறு செய்த சகோதரனைத் தனியே கண்டு திருத்தும்படி ஆண்டவரே மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். அப்படியிருக்க, பொலிசுக்குப் போங்கள், அதிகாரிகளிடம் போங்கள் என்று இன்று நீங்களே எழுதுவது என்ன நியாயம்?

வாசகரே, இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஒருவனுடைய நற்பெயர் அவனுடைய சொத்து. காரணமின்றி அதைக் கெடுப்பவன் திருடனைப் போன்றவன் என்றே திருச்சபையின் ஒழுக்க இறையியல் எக்காலத்திலும் போதித்து வந்திருக்கிறது. கெடுத்த பெயரைத் திருப்பிக் கொடுப்பது களவெடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பதிலும் கடினம். வேலிக்கு மேலால் பறந்த ஒரு வார்த்தையால் குடும்பங்கள் சிதறிப்போன கதைகள் எங்கள் ஊர்களில் ஏராளம். ஆகவே கடிதம் எழுதிய அன்பர் நல்ல மனச்சாட்சியோடுதான் கேட்கிறார்.

ஆனால் அவர் காட்டிய அதே அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்கும்படி அவரை அழைக்கிறேன். பெரியவன் யார் என்று சீடர்கள் கேட்க, யேசு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அவர்கள் நடுவில் நிறுத்துகிறார். இச்சிறியோரில் ஒருவருக்கு இடறலாக இருப்பவனைப் பற்றி அவர் சொன்ன கடுமையான வார்த்தைகளும், கழுத்தில் கட்டும் எந்திரக்கல்லும், ஆழ்கடலும் அடுத்து வருகின்றன. பின்னர் வழிதப்பிய ஆட்டின் உவமை. சகோதரனைத் தனியே கண்டு திருத்தும் கட்டளை அதற்கும் பின்புதான், 15ஆம் வசனத்தில் வருகிறது. நடுவில் நிறுத்தப்பட்ட பிள்ளை அவ்விடத்தைவிட்டுப் போனதாக நற்செய்தியில் எழுதப்படவில்லை. நாம்தான் முதற் பதினான்கு வசனங்களையும் தாண்டிக்கொண்டு பதினைந்தாவதிலிருந்து வாசிக்கப் பழகியிருக்கிறோம்.

அந்த 15ஆம் வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது? தனக்கு எதிராகக் குற்றம் செய்யப்பட்டவனுக்கு. ('உனக்கு எதிராக' என்னும் சொல் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இல்லை என்பதை அறிவேன். ஆயினும் சற்றுப் பின்னர் பேதுரு கேட்கும் கேள்வி, தனக்கு எதிராகச் செய்யப்பட்ட குற்றத்தைப் பற்றியதே.) ஒரு சிறுமிக்குத் தீங்கு நேர்ந்ததாயின் குற்றம் அவளுக்கு எதிரானது. தனியே போய்ப் பேசுவதற்கும் மன்னிப்பதற்கும் உரிமை யாருக்காவது இருக்குமாயின் அவளுக்கே உண்டு. எட்டு வயதுப் பிள்ளையிடம், நீ போய் அந்த மனிதனோடு தனியே பேசு என்று எவரும் சொல்லமாட்டார். அப்படியானால் அவளுக்குரிய மன்னிப்பை அவளைக் கேளாமலே அள்ளிக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் தந்தது யார்?

புனித தோமஸ் அக்குவினாஸ் இதே கேள்வியைத் தமது இறையியல் தொகுப்பில் ஆராய்கிறார். பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டுமுன் தனியே எச்சரிக்க வேண்டுமா என்பது அங்கே விவாதம். பொதுவாக ஆம் என்பதே அவருடைய விடை. ஆனால் ஒரு விலக்கை அவர் தெளிவாக வைக்கிறார். அயலவருக்குத் தீங்கு விளைவிக்கும் இரகசியப் பாவமாயின், உதாரணமாக ஒருவன் நகரை எதிரிக்குக் காட்டிக்கொடுக்க இரகசியமாகத் திட்டமிட்டால், தனியே எச்சரித்துக்கொண்டிருக்க இடமில்லை. தீங்கைத் தடுக்கக்கூடியவருக்கு உடனே அறிவித்துவிட வேண்டும். தனி எச்சரிக்கையாலேயே தீங்கு நின்றுவிடும் என்று உறுதியாக நம்பக்கூடிய வேளை மாத்திரம் வேறு. இது 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. குருமடத்தில் நானும் இதைப் படித்தேன், பரீட்சையிலும் எழுதினேன்.

படித்தும் என்ன பயன்? நான் குருவாகிச் சில வருடங்களே ஆகியிருந்த காலம். ஒரு பின்னேரம் அறைவீட்டு விறாந்தைக்கு ஒரு தாய் வந்தார். ஒன்பது வயதான தன் மகனுக்கு உறவினர் ஒருவரால் நேர்ந்ததை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார். அந்த உறவினர் கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர், நல்ல பெயர் எடுத்தவர். "பாதர், இது வெளியில போனா பிள்ளையின்ர எதிர்காலம் பழுதாப் போயிடும். நீங்களே அவரோட கதைச்சு விடுங்கோ" என்று கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் குருவும் வெளியே கொண்டுபோக முடியாது. அது வேறு விடயம். ஆனால் அந்தத் தாய் வந்தது பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கல்ல, விறாந்தைக்கு. என் வாயைக் கட்டியது எந்தத் திருச்சட்டமும் அல்ல.

அவரைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தேன். அவர் முழங்காலில் விழுந்து அழுதார். அக்கண்ணீர் பொய் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். இனி நடவாது என்று வாக்குக் கொடுத்தார். பிள்ளையை அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று தாய்க்குச் சொன்னேன். ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற திருப்தியோடு அன்று இரவு செபம் சொன்னேன். பின்பு மாற்றலாகி வேறு பங்குக்குப் போனேன். சில வருடங்கள் கழித்து, அதே மனிதரைப் பற்றி இன்னொரு வீட்டுப் பிள்ளை வாய் திறந்ததாகவும் அந்தத் தாய் நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனதாகவும் அறிந்தேன். நான் அவரோடு தனியே இருந்து பேசிய நாளில் அந்த இரண்டாவது பிள்ளை நடைபழகும் பருவத்தில் இருந்திருக்கும்.

மற்றொன்றும் பின்னர்தான் என் நினைவுக்கு வந்தது. அந்த ஒன்பது வயதுப் பையனோடு நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தாயோடு பேசினேன், குற்றவாளியோடு பேசினேன், கடவுளோடும் பேசினேன்.

பொய்க் குற்றச்சாட்டாயின் என்ன செய்வது என்று அன்பர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் அறிவிப்பது வேறு, தீர்ப்பிடுவது வேறு. விசாரிக்கப் பயிற்சி இல்லாத ஒரு குருவும் இரண்டு பெரியவர்களும் அறைவீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தும் விசாரணையால் உண்மை வெளிவராது. குற்றவாளி எச்சரிக்கையாகிவிடுவான், பிள்ளை மிரண்டுவிடும். குற்றமற்றவன் என்றாலோ, ஒருபோதும் தீர்க்கப்படாத சந்தேகத்தோடு ஊர் வாயில் சாகும்வரை இருப்பான். அவனுடைய நற்பெயருக்கும் முறையான விசாரணையே காவல். சந்தியிலும் தேநீர்க் கடையிலும் சொல்வது புறங்கூறல். சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டியவரிடம் மாத்திரம் சொல்வதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

திருச்சபையும் இப்பாடத்தை வெகு தாமதமாக, வெகு வெட்கத்தோடுதான் படித்தது. குற்றம் செய்த குருக்களைப் பங்கு விட்டுப் பங்கு மாற்றி மூடிமறைத்த வரலாறு பல நாடுகளில் வெளியாகிற்று. உலகின் ஆயர் பேரவைத் தலைவர்களைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2019 பெப்ரவரியில் உரோமாபுரிக்கு அழைத்தது இதற்காகவே. அதே ஆண்டு மே மாதம் அவர் வெளியிட்ட சட்டம், இத்தகைய குற்றம் குருக்களாலோ துறவியராலோ செய்யப்பட்டதாக அறியவரும் ஒவ்வொரு குருவும் துறவியும் திருச்சபை அதிகாரிக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்றது. முறையிட்டவர் மீது மௌனத்தைச் சுமத்தலாகாது என்றும் விதித்தது. 2019 டிசம்பரில் இவ்வழக்குகளைப் பொறுத்தவரை பாப்பரசரின் இரகசியக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. எங்கள் வீட்டுக் குப்பையைச் சொல்லாமல் அயலவரின் முற்றத்தைக் கூட்டச் சொல்ல எமக்கு வாயில்லை. ஆகையால் இதை இங்கே எழுதுகிறேன்.

நாட்டுச் சட்டமும் முன்னேறியிருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995இல் வந்த திருத்தம் சம்மத வயதை 12இலிருந்து 16ஆக உயர்த்தியது. சிறுவரைக் கொடுமைப்படுத்துவதையும் தகாத உறவையும் தனிக் குற்றங்களாக்கியது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவாகி, சிறுவர் வைத்திய நிபுணரான பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா அதன் முதற் தலைவரானார். 1929 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பிள்ளையின் ஆரம்ப வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் சாட்சியமாக ஏற்க 1999இல் வழி செய்யப்பட்டது. ஆனால் சட்டம் வாசல்வரைதான் வரும். வீட்டுக்குள்ளும் வேலிக்குள்ளும் நடப்பதற்கு ஊரே பொறுப்பு.

பிள்ளை முதலில் வாய் திறப்பது யாரிடம்? பெரும்பாலும் அம்மம்மாவிடம், ஆசிரியையிடம், மறைக்கல்வி படிப்பிக்கும் அக்காவிடம். கேட்பவர் பதறிப்போய் "ஏன் முந்திச் சொல்லேல்ல?" என்று ஏசினால் பிள்ளை மறுபடி பேசாது. ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. காப்பாற்ற முடியாத வாக்கு அது. நம்புகிறேன், உன்னில் பிழையில்லை என்று சொன்னால் போதும். திரும்பத் திரும்பக் கிண்டிக் கேட்பது அதற்கென உள்ளவர்களின் வேலையையும் கெடுத்துவிடும்.

முறைப்பாடு செய்தாயிற்று. அதன் பின்பே ஊரின் உண்மையான சோதனை ஆரம்பமாகிறது. அயல்வீட்டார் தம் பிள்ளைகளை அந்தப் பிள்ளையோடு விளையாட விடமாட்டார்கள். முதல்நன்மை வகுப்பில் பக்கத்து வாங்கு வெறுமையாகும். "பாவம்" என்று சொல்லும் தொனியே பிள்ளைக்கு முத்திரை குத்திவிடும். தீங்கு வீட்டுக்குள்ளேயே நடந்ததாயின் நீதவான் பாதுகாப்பான இடம் தேடுவார். இனத்தவர் ஒருவரும் முன்வராவிட்டால் சிறுவர் இல்லமே கதி. குற்றஞ்சாட்டப்பட்டவர் பிணையில் வந்து சந்தியில் நிற்க, வீட்டையும் பாடசாலையையும் சிநேகிதரையும் இழந்து பிள்ளை ஊரைவிட்டுப் போவதை நான் கண்டிருக்கிறேன். பிள்ளையின் எதிர்காலம் பழுதாகிவிடும் என்று அந்தத் தாய் சொன்னது வெறும் பயமல்ல. ஆனால் அதைப் பழுதாக்குவது வெளிவந்த உண்மையல்ல, உண்மை வெளிவந்தபின் நாம் நடக்கும் விதம்.

ஒரு பெரியம்மாவோ அம்மம்மாவோ பிள்ளையைப் பொறுப்பெடுக்க மனமிருந்தும் வசதியில்லாமல் தயங்கும் வீடுகள் பல. அரிசிக்கும் பஸ் காசுக்கும் பாடசாலைச் செலவுக்கும் வின்சென்ட் டி போல் சபையார் கைகொடுத்தால், ஒரு பிள்ளை இல்லத்துக்குப் போகாமல் இனத்தவரோடு வளரும். திருவிழாவுக்கு வெடி கொளுத்தும் செலவில் ஒரு பங்கு போதும். (இதற்கும் ஒரு கடிதம் வரும், தெரியும்.)

நான் இப்போது இருக்கும் பங்கில் ஐந்து பேர் கொண்ட ஒரு சிறு குழு இருக்கிறது. அவர்கள் ஒன்றையும் விசாரிப்பதில்லை. யாரிடம் போவது, எந்த அலுவலகத்தில் யாரைக் காண்பது என்று சொல்லுவார்கள். தேவைப்பட்டால் கூடப் போவார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு தாயும் பிள்ளையும் நீதிமன்றம் போகும் நாட்களில் காலை முதல் பஸ்ஸில் அவரும் ஏறிவிடுவார். பிள்ளைக்குப் பசிக்கும் என்று பிட்டு கட்டிக்கொண்டு போவார், வரைவதற்கு ஒரு கொப்பியும் பெட்டிக் கலர் பென்சிலும் கொண்டுபோவார். இதுவரை ஏழு முறை போயிருக்கிறார். ஏழு முறையும் வழக்குத் தள்ளிப்போயிற்று. அடுத்த தவணை மாசி மாதம் என்று சொன்னார். கொப்பி முடிந்துவிட்டதாம், புதிதாக ஒன்று வாங்க வேண்டுமாம்.