ஒரு தாங்கி, இருவர்

1999-இல் ஜெர்மனியின் வைமார் நகரில் இசை நடத்துநர் டேனியல் பாரன்பாய்மும் பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீதும் இளம் இசைக்கலைஞர்களுக்குப் பயிலரங்கம் நடத்தினார்கள். செல்லோ மேதை யோ-யோ மாவும் கற்பிக்க வந்திருந்தார். மாணவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலியர்கள், அரபு நாட்டவர்கள். ஆர்கெஸ்ட்ராவில் வயலின், செல்லோ வாசிப்பவர்களில் இருவருக்கு ஓர் இசைத்தாள் தாங்கி. ஒருவர் பக்கம் புரட்டும்போது மற்றவர் வாசிப்பை விடக்கூடாது. வில்லை மேலே தள்ளுவதா, கீழே இழுப்பதா என்பதில்கூட இருவரும் ஒத்துப்போக வேண்டும். எல்லையின் இருபுறத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் சேர்ந்து வாசித்தார்கள். போர் அதனால் நிற்கவில்லைதான். ஆனாலும் பக்கத்து நாற்காலிக்காரர் எப்போது மூச்சை இழுக்கிறார் என்று கவனிக்கக் கற்பதைப் பெரிய கல்வி என்றே நினைக்கிறேன். அங்கே பிறந்த 'மேற்கு-கிழக்கு திவான்' ஆர்கெஸ்ட்ரா அதன்பின் பல நாடுகளில் மேடையேறியிருக்கிறது.