சுரங்கத்தின் அடியில் ஒரு நொடி

கோலார் தங்கவயலில் சங்கு ஊதிய காலத்தில், மேலே நிற்பவருக்கும் கூண்டில் இறங்குபவருக்கும் ஒரே மணிதான், ஒரே ஷிப்டுதான். ஆனால் இருவருடைய நொடியும் ஒன்றல்ல.

நம்பலாம். பூமிக்குள் இறங்க இறங்கக் காலம் மெதுவாக ஓடுகிறது. ஐன்ஸ்டைன் கணக்கில் கண்டார். கடிகாரங்கள் அதை மெய்ப்பித்துவிட்டன. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அதன் அடியில் ஓர் ஆண்டு இருக்கும் கடிகாரம், மேலே இருப்பதைவிட ஒரு நொடியில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு பின்தங்கும். தினம் எட்டு மணி நேரம், முப்பது ஆண்டு அங்கே உழைத்தவருக்கு மிச்சமான காலம் ஒரு நொடியில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

இவ்வளவு சிறியதை எப்படிப் பார்ப்பது? பொறுமையாக எண்ணித்தான். 1967 முதல் சீசியம் அணுவின் 919 கோடிச் சொச்சம் துடிப்புகளே ஒரு நொடி. ஸ்ட்ரான்சியம் அணுவை வைத்து ஓடும் ஒளிக் கடிகாரமோ, அதே நொடிக்குள் 429 லட்சம் கோடி துடிப்புகளை எண்ணுகிறது. டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தில் அப்படிப்பட்ட இரண்டை, ஒன்றைக் கீழேயும் ஒன்றை 450 மீட்டர் உயரத்திலும் வைத்துப் பார்த்தார்கள். மேலே இருந்தது நாளொன்றுக்கு ஒரு நொடியில் நூறு கோடியில் நாலு பங்கு முந்தியது. அதையும் பிடித்துவிட்டார்கள்! புனேயில் நம்மவர்களும் யிட்டர்பியம் அயனியைக் கொண்டு ஓர் ஒளிக் கடிகாரம் உருவாக்கிவருகிறார்கள்.

கடிகாரம் வந்ததால் அந்த வித்தியாசம் பிறக்கவில்லை. எப்போதும் இருந்தது. பார்க்கத்தான் ஆளில்லை.

தங்கவயலில் பாறைத் தூளும் அப்படித்தான் இருந்தது. ஆங்கிலேயக் கம்பெனி 1880இல் அங்கே பெரிய அளவில் தோண்டத் தொடங்கியது. அந்தத் தூளால் வரும், நுரையீரலை இறுக்கும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 1934இல், அதே தங்கவயலில். இடையில் அரை நூற்றாண்டு. வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் போன தமிழர்கள் அத்தனை நாளும் அந்தத் தூளைத்தான் சுவாசித்தார்கள். மண்ணுக்கு அடியில் காலம் மெதுவாக ஓடியது. மார்பு வேகமாகத் தேய்ந்தது. முன்னதை அளக்க அணு வேண்டும். பின்னதை அறிய, பக்கத்தில் ஒருவர் காது கொடுத்திருந்தால் போதும்.

இன்று உங்கள் வீட்டில், வேலையிடத்தில், யாராவது “கொஞ்சம் மூச்சு வாங்குது” என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், விடாதீர்கள். உட்காரவைத்து, எத்தனை நாளாக என்று கேளுங்கள்.