எம் 2

2001இல் மாமாவின் மேசையில் இரண்டு கையடக்கக் கருவிகள் கிடந்தன. ஒன்று துபாயிலிருந்து வந்த கேசியோ டிஜிட்டல் டைரி. இன்னொன்று அமெரிக்காவிலிருந்த சொந்தக்காரர் பழசாகக் கொடுத்த பாம் பைலட். (கம்பம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல முடியாது.) "மாப்ள, எது தேவலைன்னு நீயே பாத்துச் சொல்லு" என்றார். வண்டன்மேடு பக்கம் அவருக்குச் சின்ன ஏலத்தோட்டம். விடியக்காலையில் ஜீப்பில் மலையேறும் பெண்களின் வேலைநாள் கணக்கை அதில் ஏற்ற வேண்டும்.

கேசியோவில் பொடிப் பொடிப் பொத்தான்கள். பாமில் குச்சியால் எழுதலாம், ஆனால் அது சொல்கிறபடி. கிராஃபிட்டி என்று பெயர். ஆங்கில 'ஏ'வுக்குக் குறுக்குக்கோடு போடக்கூடாது. பத்தாவது படித்த எனக்கு அது ரகசிய லிபி மாதிரி இருந்தது. பாமுக்கே ஓட்டுப் போட்டேன்.

முந்தைய கதை கல்லூரியில்தான் தெரிந்தது. 1993இல் வந்த ஆப்பிள் நியூட்டன், 'நீ உன் கையெழுத்திலேயே எழுது, நான் படித்துக்கொள்கிறேன்' என்றது. அது படித்த லட்சணத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தேறியது, ஆனாலும் 1998இல் நிறுத்திவிட்டார்கள். 1996இல் வந்த பைலட் மனுஷனை வளையச் சொன்னது, ஜெயித்தது. எனக்கு இது நேர்மையான ஒப்பந்தமாகத்தான் படுகிறது. முடியாததை முடியும் என்று அது சொல்லவில்லையே. என் சந்தேகமெல்லாம், ஒத்துக்கொள்கிறவனே வளைகிறானா என்பதில்தான்.

ஜீப்பில் மூன்று மூக்கம்மாக்கள். மாமாவின் நோட்டில் அவர்கள் சிரிப்பு மூக்கம்மா, கோம்பை மூக்கம்மா, மருமக மூக்கம்மா. கருவியில் தமிழ் ஏறாது. இங்கிலீஷில் நீட்டி எழுத எனக்குச் சோம்பல். எம் 1, எம் 2, எம் 3 என்று போட்டேன். ஒரு சனிக்கிழமை கோம்பை மூக்கம்மாவின் ரெண்டு நாள் கூலி இன்னொருவர் கணக்கில் போய்விட்டது. தப்பு என்னுடையது, கருவியுடையது அல்ல. ஜீப்பில் வந்தவர்கள் சொன்னதை வைத்து மாமா காசைக் கொடுத்துவிட்டார். அந்த அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நோட்டில் தன் வரி எது என்று தெரியும். நாளுக்கு ஒரு கோடு, விரல் வைத்து எண்ணிக்கொள்வார். இப்போது திரையை எட்டிப் பார்த்து, "தம்பி, இதுல எம் பேரு எங்க இருக்கு?" என்றார்.

"எம் 2தான்க்கா நீங்க."

மறு வாரம் மாமா நோட்டை எடுத்துவிட்டார். பாமில் ஏலக்காய் விலை மட்டும்.

அதே வருடங்களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிம்ப்யூட்டரை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும். அவரவர் ஸ்மார்ட் கார்டைச் செருகி ஒரே கருவியை ஊரே பயன்படுத்தலாம். 2004இல் கடைக்கு வந்தது, ஓடவில்லை. இருந்தாலும் 'எது தேவலை' என்பதற்குள் 'யாருக்கு' என்று ஒரு கேள்வி இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் மாமாவுக்கும் அது தோன்றவே இல்லை.

போன மாதம் ஆபீசில் ஒரு வருகைப்பதிவுச் செயலியில் பெயருக்கு எத்தனை எழுத்து விடலாம் என்று பேச்சு வந்தது. 15 போதும் என்றார்கள். 'கோம்பை மூக்கம்மா' என்று தட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு 8 எழுத்துதான். யூனிகோடு கணக்கில், நடுவில் உள்ள இடைவெளியோடு சேர்த்து, 16.