மரணத்தின் வாசலில் ஒரு வரிசை

2025, கத்தோலிக்கர்களுக்கு யூபிலி ஆண்டு. பொதுவாக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அவ்வாண்டில் ரோம் நகரின் நான்கு பெரும் பேராலயங்களில் புனிதக் கதவுகள் திறக்கப்படுகின்றன. அவற்றைப் பக்தியுடன் கடப்போருக்கு இறைவனின் மன்னிப்பு நிறைவாகக் கிட்டும் என்பது அவர்களது நம்பிக்கை.

அதற்காகவே நெடுநாள் பணம் சேர்த்து, ஈஸ்டர் வேளையில் அங்கு சென்ற யாத்திரிகர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறன்று போப்பாண்டவர் பிரான்சிஸ் புனித பேதுரு சதுக்கத்தில் வாகனத்தில் வலம் வந்து மக்களை ஆசீர்வதித்தார். மறுநாள் காலையிலேயே 88 வயதான அவர் உடல் நீத்தார். புண்ணியம் தேடி வந்தவர் துக்க வீட்டினுள் நிற்கிறார்!

ஏப்ரல் 23 முதல் மூன்று நாட்கள் திருவுடல் பேராலயத்தில் வைக்கப்பட்டிருந்தது. சுமார் இரண்டரை லட்சம் பேர் இரவு பகலாக வரிசையில் நகர்ந்தனர். கடோபநிஷதத்தின் நசிகேதனும் யமனின் வாசலில் மூன்று இரவுகள் காத்திருந்தவனே. ஆனால் அவன் ஒரு கேள்வியோடு காத்திருந்தான். செல்வமும் நீண்ட ஆயுளும் தருவதாக யமன் கூறியபோதும் அக்கேள்வியை அவன் கைவிடவில்லை. இந்த வரிசையிலோ, பல மணி நேரம் கால் கடுக்க நின்று பேழையின் முன் வந்தவர்களுள் பலர் கைபேசியை உயர்த்திப் படம் எடுத்தனர். அவர்களைக் குறை கூறுவது எளிது. மரணத்தை நேருக்கு நேர் காணக் கூசும் மனம் இடையில் ஒரு திரையைத் தேடுகிறது, அவ்வளவே.

திரையின்றிக் கண்டவர்களுக்கும் ஓர் ஆபத்து உண்டு. அதைத்தான் பெரியோர் மயான வைராக்கியம் என்றனர். சிதையின் முன் ‘எல்லாம் இவ்வளவுதானா!’ என்று உருகும் மனம், வீடு திரும்பிக் குளித்ததும் அந்த உருக்கத்தையும் சேர்த்துக் கழுவிவிடுகிறது.

மறைந்தவரின் எளிமையோ மரணத்தைக் கண்டு பிறந்ததன்று. 2013-இல் பொறுப்பேற்றபோதே அரண்மனையில் வசிக்காமல் விருந்தினர் இல்லத்தின் அறைகளில் தங்கினார். போப்பாண்டவர்களுக்கு வழக்கமாயிருந்த மூன்று பேழைகளுக்குப் பதிலாக, துத்தநாகத் தகடு பதித்த ஒரே மரப்பேழை போதும் என்று ஈமச் சடங்கு முறைகள் 2024-இல் மாற்றப்பட்டன. தரைக்குள் எளிய கல்லறை, அலங்காரம் வேண்டாம், ‘பிரான்சிஸ்கஸ்’ என்ற பெயர் மட்டும் போதும் என்று 2022-லேயே எழுதி வைத்திருந்தார். ஆட்சிக்காலத்தையும் சாதனைகளையும் கல்லில் பொறித்துக்கொள்ள முழு உரிமை பெற்றிருந்த ஒருவர், உடலில் உயிர் இருக்கும்போதே அவற்றை அழித்துவிட்டார். வைராக்கியம் நாள்தோறும் பழகப்பட்டால் இப்படி இருக்கும்.

ஏப்ரல் 26 அன்று பல நாட்டுத் தலைவர்கள் முன்னிலையில் இறுதித் திருப்பலி நடந்தது. பின்னர் பேழை நகரின் குறுக்கே சாந்தா மரியா மஜோரே பேராலயத்தை அடைந்தது. அதன் படிகளில் அதை எதிர்கொள்ள நிறுத்தப்பட்டிருந்தவர்கள் ஏழைகள், வீடற்றோர், சிறைவாசிகள், புலம்பெயர்ந்தோர். கைகளில் வெள்ளை ரோஜா மலர்கள்.

மறுநாள் கல்லறை மக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்தப் பேராலயத்திலும் ஒரு புனிதக் கதவு உண்டு. யாத்திரிகர் அங்கும் வரிசையில் நின்றார். வெண்கல்லில் ஒரே ஒரு சொல். அதன் முன் நிற்க அவருக்குக் கிடைத்தவை சில நொடிகளே. காவலர் நகரச் சொன்னார், அவர் நகர்ந்தார். கைபேசி பைக்குள்ளேயே இருந்தது.