தராசைப் பார்க்க இயலாதவர்

 

நிறுவையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. எதிரே நின்று தராசு முள்ளையே பார்த்திருக்கும் வாடிக்கைக்காரருக்குச் சரியாக நிறுப்பது பெரிய காரியமன்று. சிறு பிள்ளைக்கும் கண் தெரியாதவருக்கும் எப்படி நிறுக்கிறோம் என்பதில்தான் நம் நாணயம் வெளிப்படும். அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் 83ஆவது சூராவே இருக்கின்றது. இந்த நிறுவைக் கணக்கு கடைத்தெருவோடு முடிந்துவிடுவதில்லை. ஆஸ்பத்திரியிலும் அது உண்டு.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு பெரியவர் கிடக்கிறார். தொண்டையில் குழாய், இயந்திரம் அவருக்கு மூச்சு விடுகிறது, மருந்தின் மயக்கத்தில் நினைவில்லை. தாதிப் பயிற்சி பெறும் மாணவி ஒருத்தி, மூத்த தாதியுடன் அருகில் வருகிறாள். அவள் சீனப் பெண்ணாகவோ மலாய்ப் பெண்ணாகவோ நம்மவளாகவோ இருக்கலாம். “அங்கிள், இடப்பக்கம் திருப்புகிறோம்” என்று சொல்லிவிட்டே திருப்புகிறாள். படுக்கைப் புண் வராதிருக்க முதுகைப் பார்க்கிறாள். முழுதும் மூடாத கண்கள் உலராதிருக்க மருந்திடுகிறாள். உடம்பு துடைக்குமுன் திரையை இழுத்து, துடைக்கும் இடம் போக மற்றதைப் போர்த்துகிறாள். அவர் நன்றி சொல்லப் போவதில்லை. பிழைத்து எழுந்தாலும் அவளை அடையாளம் காணப் போவதில்லை.

அறியாதவரிடம் காட்டும் இரக்கத்தால் யாருக்கு என்ன பயன்? உயிரைக் காப்பது இயந்திரமும் மருந்தும் அல்லவா? இப்படிச் சிலர் கேட்கக்கூடும்.

அந்தப் பிரிவு பிறந்த வரலாற்றை இவர்கள் அறிதல் நலம். 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் பெரும்பாலும் மாண்டனர். இயந்திரங்களோ மிகச் சொற்பம். டாக்டர் இப்சன் என்பார், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் வழியைக் காட்டினார். அழுத்துவதற்கு வந்தவர்கள் மாணவர்கள்! ஏறத்தாழ 1,500 பேர் முறை வைத்து, இரவும் பகலும் படுக்கையருகே அமர்ந்து, பிறருக்காக மூச்சு விட்டனர். சாவு பாதிக்கும் கீழே குறைந்தது. அடுத்த ஆண்டே, 1953இல், அதே நகரில் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவை நிறுவினார். ஆகவே இன்று இயந்திரம் செய்யும் வேலை அன்று மாணவர் கை செய்த வேலை. மூச்சு விடும் பாரத்தை இயந்திரம் வாங்கிக்கொண்டது. சொல்லித் தொடுவதையும் மானத்தைப் போர்த்துவதையும் அது வாங்கிக்கொள்ளவில்லை.

நினைவற்றவர் என்று எண்ணப்பட்டவர்களில் சிலர், குணமான பின், அருகே பேசியதை எடுத்துச் சொன்னதுண்டு. ஆயினும் அதற்காக மட்டுமே அன்பு காட்டவேண்டும் என்பதன்று நம் கருத்து. அவர் ஒன்றுமே கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், மானம் அவருடைய ஹக்கு. அவர் தூங்கினாலும் அது தூங்காது. கடன் கொடுத்தவர் மறந்துவிட்டார் என்பதற்காகக் கடன் தீர்ந்துவிடுமா?

தாகித்த நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்த பெண்ணின் பாவம் மன்னிக்கப்பட்டதாக ஹதீஸ் உண்டு. அந்த நாய் என்ன கைம்மாறு செய்தது? அகழ்ப்போரில் காயம்பட்ட ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை, பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் வைத்துப் பார்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். ஸஅது (ரலி) அந்தக் காயத்தாலேயே வஃபாத்தானார்கள். அம்மையாரின் பணிவிடை வீணாயிற்று என்று எந்த முஸ்லிமும் சொல்லான். குணமாவது இறைவன் கையில். சரியாக நிறுப்பது நம் கையில்.

இரக்கம் இருந்தால் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. கை கழுவ மறந்த அன்பு நோயைக் கொண்டுவரும். தெரியாததை மூத்தவரிடம் கேளாமல் செய்வது இரக்கமாகாது. எடைக்கல் சரியாயிருந்து நிறுப்பவன் மனமும் சரியாயிருந்தால்தான் நிறுவை முழுமையாகும்.

இனி நம் பங்கு என்ன? உறவினரைப் பார்க்கக் கூட்டமாகச் சென்று, “பயிற்சிப் பிள்ளைதானே” என்று அவளுக்கு முகங்கொடாமல் இருப்போர் நம்மில் உண்டு. பெரிய டாக்டரைக் கண்டால் எழுந்து நிற்கிறோம். நம் வாப்பாவின் வாயைத் துடைத்தவளுக்கு ஒரு ஸலாமோ நன்றியோ சொல்வதில்லை. ‘பிறர் உடம்பைக் கழுவும் வேலை’ என்று இத்தொழிலைத் தாழ்த்திப் பேசி, விரும்பும் மகளையும் தடுக்கிறோம். சிங்கப்பூரின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முஸ்லிம் தாதியர் தலைத்துணி அணிந்து பணி செய்ய 2021 நவம்பர் 1 முதல் அனுமதியும் வந்துவிட்டது. இனித் தடையாக இருப்பது நம் மனம் ஒன்றே.

ஒருநாள் நாமும் தராசைப் பார்க்க இயலாமல் கிடக்கலாம். அன்று நமக்குக் குறையாமல் நிறுக்கும் கைகளை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.