ஒரு வாய்ச் சோறு

போன ரஜப் மாதம் ஒரு ராத்திரி, இஷா தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம், ராத்தா மகன் ஃபோன் செய்தான். "மாமா, மூணு நாளா இஸ்திகாரா தொழுதுட்டேன். கனவே வரல."

கல்யாணப் பேச்சு ஏதோ நடக்கிறது, எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதில்லை. சிஸ்கோவின் வலைத் தேர்வான சிசிஎன்ஏ எழுதுவதா, அமேசானின் மேகக்கணினித் தேர்வான சொலூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் எழுதுவதா என்று அல்லாஹ்விடம் கேட்டிருக்கிறான். முன்னதற்குக் கட்டணம் 300 டாலர், பின்னதற்கு 150. வரி தனி. இரண்டையும் எழுத வீட்டில் காசில்லை. தோற்றால் மறுபடி முழுக் கட்டணம். "பெரிய ரிஸ்க், மாமா" என்றான். பக்கத்திலிருந்து ராத்தாவின் குரல் கேட்டது: "ரிஸ்கு தர்றவன் ஒருத்தன் இருக்கான், நீ படிக்கிற வழியைப் பாரு." மகன் சொன்னது ஆபத்து, உம்மா சொன்னது அல்லாஹ் அளக்கும் வாழ்வாதாரம். தமிழில் எழுதினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எழுத்துதான்.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இஸ்திகாரா என்பது இரண்டு ரக்அத் தொழுகையும் ஒரு துஆவும். இந்தக் காரியம் என் மார்க்கத்துக்கும் பிழைப்புக்கும் முடிவுக்கும் நல்லதானால் எளிதாக்கு, இல்லையென்றால் என்னை அதிலிருந்து திருப்பிவிடு என்று கேட்பது. கனவு வரும், அதில் பச்சை தெரியும் வெள்ளை தெரியும் என்பதெல்லாம் நாமாகச் சேர்த்துக்கொண்டது. கேட்டுவிட்டு, தெரிந்தவர்களிடம் மஷூரா, அதாவது ஆலோசனை, செய்து, மனம் சாய்கிற பக்கம் நடக்க வேண்டியதுதான். அதைச் சொல்லிவிட்டு, "எப்படிப் படிக்கப்போறே?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினான். "ஃப்ரெண்டு ஒருத்தன் பிடிஎஃப் அனுப்பியிருக்கான். அதுல இருக்கிறதைத்தான் அப்படியே கேக்குறாங்களாம்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். இஸ்திகாரா ஆகுமான இரண்டு காரியங்களுக்கு நடுவில்தான். ஐவேளை தொழலாமா என்று இஸ்திகாரா செய்ய முடியாது, வட்டிக்கு விடலாமா என்றும் செய்ய முடியாது. திருடின கேள்வித்தாளை வைத்துக்கொண்டு எந்தத் தேர்வு நல்லது என்று படைத்தவனிடம் கேட்பவனுக்கு எப்படிக் கனவு வரும்? இதை அவனிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. ஏன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

2002இல் நான் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இருந்தேன். மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்இ அப்போது பெரிய பெயர். விண்டோஸ் 2000 பாதையில் ஏழு தேர்வு. ஒரு ஜெராக்ஸ் கட்டு மேன்ஷனில் அறை அறையாகக் கைமாறிக்கொண்டிருந்தது. 'டம்ப்' என்போம். கேள்வியும் பதிலும் அச்சு அசலாக. நான்கு மாதத்துக்குள் ஏழையும் தேறினேன். ஒவ்வொரு தேர்விலும் முதல் திரையில் ஒரு ஒப்பந்தம் வரும்: கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன், முறைகேடாகப் பெறமாட்டேன். ஏழு முறையும் சம்மதம் என்று சொடுக்கினேன். வாக்குக் கொடுப்பதை எங்கள் மார்க்கம் எவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறது என்று தெரியாதவன் இல்லை. ஆனால் மௌஸால் கொடுத்தது வாக்கு என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

வேலை கிடைத்தது. சேர்ந்து இரண்டாம் மாதம் ஒரு காலை, ஒரு சர்வரில் இருந்த கோப்புகளை யாராலும் திறக்க முடியவில்லை. கடவுச்சொல் சரி, வலை சரி, உரிமைகள் சரி. நான் மூன்று மணி நேரம் எதையெதையோ புரட்டினேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு மூத்தவர், ஒரு சான்றிதழும் இல்லாதவர், என் தோளுக்கு மேலாகத் திரையின் ஓரத்தைப் பார்த்து, "என்னப்பா, மணி இருபது நிமிஷம் பின்னாடி ஓடுது?" என்றார். அந்த ஒரு இயந்திரத்தில் நேரத்தைச் சரிசெய்யும் சேவையை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை முறை, இரண்டு பக்கக் கடிகாரங்களும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் ஆளை உள்ளே விடாது. இது எனக்குத் தெரியும். ஜெராக்ஸ் கட்டில் வந்த கேள்வி அது. 'ஐந்து நிமிடம்' என்ற பதில் எத்தனாவது பக்கத்தில் இருந்தது என்றுகூடச் சொல்வேன். கடிகாரத்தைப் பார்க்கத்தான் தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து முறை தொழுகை வக்து பார்க்கிற ஆள் நான்.

பிறகு உண்மையாகவே படித்தேன். வெட்கம் நல்ல வாத்தியார். ஆனாலும் ஒரு கேள்வி உள்ளே கிடந்து அரித்தது: இந்தச் சம்பளம் ஹலாலா? 2009 நோன்பில் ஊருக்குப் போனபோது, காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்குத் தெரிந்த ஓர் ஆலிமிடம் கேட்டேன். நேராகப் பதில் சொல்லாமல், பழைய அகீதா, அதாவது நம்பிக்கைக் கோட்பாட்டு, சண்டை ஒன்றை எடுத்தார். ஹராமாக வந்தது ரிஸ்கு ஆகுமா? முஃதஸிலாக்கள் ஆகாது என்றார்கள். தீயதை அல்லாஹ் அளிப்பான் என்று எப்படிச் சொல்வது என்பது அவர்கள் கட்சி. அஷ்அரிகள் ஆகும் என்றார்கள். இல்லையென்றால் ஆயுள் முழுக்க ஹராமையே தின்று செத்தவனுக்கு அல்லாஹ் ஒரு பருக்கைகூட அளக்கவில்லை என்றாகிவிடுமே. வந்தது எழுதப்பட்டதுதான், வந்த வழிக்குக் கணக்கு தனி. எங்கள் கடற்கரை ஊர்கள் ஷாஃபி மத்ஹபு, அகீதாவில் அஷ்அரி. ஆகவே பதில் என் பக்கம் சாய்கிறது என்று நினைத்தேன்.

"கூலி வேலைக்கு" என்றார். "வேலையை ஒழுங்காச் செஞ்சிருந்தா கூலி உம்முடையது. பொய் சொன்னதுக்குத் தவ்பா செய்யும்." எழுந்திருக்கப் போனவனை உட்காரச் சொன்னார். "அந்த நாற்காலிக்கு நேர்மையாப் படிச்சுட்டு இன்னொருத்தன் வந்திருப்பானே, அவனுக்கு உரிய ஹக்கு? அதை அல்லாஹ் மன்னிக்க மாட்டான். அவனேதான் மன்னிக்கணும். அவன் யாருன்னு உமக்குத் தெரியுமா?"

தெரியாது. இன்றுவரை தெரியாது. ஜெராக்ஸ் கட்டு எனக்குத் தந்ததிலேயே நிலையானது இந்தக் கடன்தான். எழுதப்பட்டது எப்படியும் வரத்தான் போகிறது என்றால், என் வீட்டுப் பொருளை நானே சுவரேறிக் குதித்துத் திருடியிருக்கிறேன். திருடும்போது அடுத்த வீட்டு ஓட்டையும் உடைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பிடிஎஃபை அழித்தானா என்று நான் கேட்கவில்லை.

எந்தத் தேர்வு என்ற கேள்வி அப்படியே இருந்தது. அதற்கு என்னிடம் ஒரு பழைய அளவுகோல்தான் உண்டு. உம்மாவின் வாப்பா ஓர் ஆலிம், ஹாபிஸ். அவர்களுடைய ஸனது இப்போதும் ராத்தா வீட்டு அலமாரியில் மடிப்பு கிழிந்து கிடக்கிறது. மதிப்பெண் கிடையாது. பெயர்கள்தான். இவர் இந்தக் கிதாபை என்னிடம் ஓதினார், நான் இன்னாரிடம் ஓதினேன், அவர் இன்னாரிடம் என்று மேலே மேலே போகும். கடைசி உஸ்தாது தன் பெயரைப் போட்டு இஜாஸா, அதாவது அனுமதி, கொடுக்கிறார். மாணவன் பிழையாகச் சொன்னால் அந்தச் சங்கிலி முழுக்கத் தலைகுனிய வேண்டும். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்டத்துக்கே இந்த இஜாஸாதான் மூலம் என்று ஜார்ஜ் மக்திஸி 1981இல் எழுதிய நூலில் வாதிட்டார். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அது எப்படியோ போகட்டும். அந்தத் தாளில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு ஜாமீன் நிற்கிறான், எனக்கு அதுதான் முக்கியம்.

எங்கள் தொழிலின் காகிதங்களில் இதன் வாடை ஆங்காங்கே அடிக்கத்தான் செய்கிறது. கணினிப் பாதுகாப்புத் துறையின் சிஐஎஸ்எஸ்பியை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வில் தேறினால் மட்டும் போதாது. ஐந்து வருட அனுபவம் வேண்டும், அதை வழங்கும் அமைப்பின் சான்றிதழ் ஏற்கெனவே உள்ள ஒருவர் உங்களுக்காகக் கையெழுத்திட வேண்டும், ஒழுக்க விதிகளுக்குச் சம்மதம் தர வேண்டும். ரெட் ஹாட்டின் தேர்வுகளில் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுகிற விளையாட்டே கிடையாது. இயந்திரத்தைக் கொடுத்துச் செய்து காட்டு என்பார்கள். செய்ததெல்லாம் இயந்திரத்தை அணைத்து எழுப்பிய பிறகும் நிற்க வேண்டும், நிற்காததற்கு மதிப்பெண் இல்லை. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு மறுமை நாள் ஞாபகம் வந்தது. கேலியாகச் சொல்லவில்லை. சிஸ்கோவின் சிசிஐஇ 1993இல் தொடங்கியது. தேறியவருக்கு ஓர் எண் கொடுப்பார்கள். முதல் ஆளின் எண் 1025. அதற்கு முந்திய 1024ஐச் சோதனைக்கூடத்துக்கே கொடுத்திருந்தார்கள். சங்கிலியின் தலைமாட்டில் ஓர் உஸ்தாது வேண்டுமே!

மருமகன் கேட்ட இரண்டும் அடிப்படைத் தேர்வுகள்தான், இரண்டிலும் யாரும் ஜாமீன் நிற்பதில்லை. மூன்று வருடத்தில் காலாவதியாகும் என்பதிலும் இரண்டும் ஒன்று. அவனை வருத்தியது இதுதான். "மூணு வருஷத்துக்கு ஒருக்கா காசு புடுங்குறாங்க, மாமா." பாதி உண்மை. காம்ப்டியாவின் ஏ-பிளஸ் ஒரு காலத்தில் ஆயுளுக்கும் செல்லும். 2011 தொடக்கத்திலிருந்து தேறியவர்களுக்கு மூன்றே வருடம் என்று மாற்றினார்கள். நான் வாங்கிய எம்சிஎஸ்இ என்ற பட்டத்தையே 2021 ஜனவரி 31ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. இதில் வியாபாரம் இல்லை என்று யார் சொல்வது?

ஆனால் ஹாபிஸ்களைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் காலாவதி புதிய விஷயமில்லை. குர்ஆனை மனனம் செய்தவன் திரும்பத் திரும்ப ஓதாவிட்டால் அது போய்விடும். கட்டவிழ்ந்த ஒட்டகத்தைவிட வேகமாகப் போகும் என்ற கருத்தில் ஹதீஸே இருக்கிறது. ஒவ்வொரு ரமலானும் தராவீஹ் தொழுகையில் நின்று ஓதிக் காட்ட வேண்டும், பின்வரிசையில் இன்னொரு ஹாபிஸ் காது கொடுத்தபடி நிற்பார். ஓதுகிறவர் தடுமாறினால் விட்ட சொல்லைப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பார். உருது பேசுகிறவர்கள் இதை லுக்மா கொடுப்பது என்பார்கள். லுக்மா என்றால் ஒரு கவளம், ஒரு வாய்ச் சோறு. உம்மாவின் வாப்பாவுக்கு எழுபது தாண்டிய ஒரு ரமலானில், பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பின்னால் நின்று அந்தக் கவளத்தைக் கொடுத்தான். அவர்கள் வாங்கிக்கொண்டு மேலே ஓதினார்கள். வீட்டுக்கு வந்து, "பையனுக்கு நல்ல மனனம்" என்றதோடு சரி. வருத்தம் இருந்ததா என்று அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

மருமகன் கடைசியில் சிசிஎன்ஏ பக்கம் சாய்ந்தான். காரணம் கேட்டால், "ஒரு பாக்கெட் எங்கேர்ந்து எங்கே போகுதுன்னு தெரிஞ்சுக்கணும், மாமா, மேகம் அப்புறம்" என்றான். விலை கூடின தேர்வைத்தான் எடுத்தான். இஸ்திகாராவின் பதில் இப்படியும் வருமோ என்னவோ. சிஸ்கோ இலவசமாகத் தருகிற பாக்கெட் ட்ரேசர் மென்பொருளைப் போட்டுக்கொண்டான். ரமலான் முழுக்க, தராவீஹ் முடிந்து வந்து நான் வாழைப்பழத்தை உரிக்கிற நேரத்துக்கு அவன் ஃபோன் வரும். நான் முகவரி கொடுப்பேன், அவன் வலையைப் பிரித்துச் சொல்வான். தாள் பென்சில் கூடாது, வாயால் மட்டும்.

இருபத்தி மூன்றாம் இரவு நல்ல களைப்பு. "192.168.10.77, ஸ்லாஷ் 27" என்றேன்.

"64ல ஆரம்பிக்குது, மாமா."

"சரி. 96ல முடியுது. நடுவுல எத்தனை பேருக்கு..."

"95, மாமா" என்றான் மெதுவாக. பெரியவர்களிடம் பேசுகிற குரல். "96 அடுத்த வலை."

"95. நடுவுல எத்தனை பேருக்கு இடம்?"

"முப்பது."

அடுத்த முகவரியைச் சொன்னேன்.