தேய்மானம்

அமெரிக்காவின் வடக்கே விஸ்கான்சின், மின்னசோட்டா பக்கத்து ஏரிகளில் மஸ்கி என்று ஒரு மீன் இருக்கிறது. முழுப்பெயர் மஸ்கலஞ்ச். நீளமான உடம்பு, வாத்து மாதிரி தட்டையான மூக்கு, வாய் நிறைய ஊசிப் பல். நீர்ச்செடிகளுக்கு நடுவே கட்டை மாதிரி அசையாமல் கிடக்கும். மீன் வந்தால் மீன், தவளை வந்தால் தவளை. வாத்துக்குஞ்சு நீந்தி வந்தால் அதையும் விடாது. 1955-ல் விஸ்கான்சின் இதைத் தன் மாநில மீனாகவே அறிவித்துவிட்டது. அங்கே ஹேவர்ட் என்ற சின்ன ஊரில் 143 அடி நீளத்துக்கு ஃபைபர் கிளாஸில் ஒரு மஸ்கி செய்து வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் அதன் வாய்க்குள் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

நிஜ மஸ்கி அவ்வளவு சுலபமாக வாய் திறக்காது. அதற்கு 'பத்தாயிரம் வீச்சு மீன்' என்று பட்டப்பெயர். பத்தாயிரம் தடவை தூண்டில் வீசினால் ஒன்று மாட்டும் என்று கணக்கு. கொஞ்சம் மிகைதான். ஆனால் நாள் முழுக்க வீசிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவது அந்த ஏரிகளில் ரொம்ப சகஜம்.

சரி, மீன் பிடிப்பது பற்றி நமக்கென்ன என்கிறீர்களா? எனக்கும் மீனைவிட அதைப் பிடிக்கிற ரீல் மீதுதான் அக்கறை. அந்த ரீலை வாங்கும் விஷயத்தில், நாம் எந்தப் பொருளை வாங்கும்போதும் கேட்டுக்கொள்ளாத ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது.

முதலில் ரீலின் கஷ்டத்தைப் பாருங்கள். மஸ்கிக்கு வீசுகிற செயற்கை இரையே பிரம்மாண்டம். கால் கிலோ சாதாரணம். அரை கிலோவை நெருங்குகிற ரப்பர் இரைகளும் உண்டு. நிமிஷத்துக்கு ஒரு வீச்சு, 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 480 வீச்சு. ஒவ்வொன்றும் 25 மீட்டர் என்றால், ஒரே நாளில் 12 கிலோமீட்டர் நரம்பைச் சுற்றி இழுக்க வேண்டும். ஹேண்டிலை ஒரு சுற்று சுற்றினால் 60 சென்டிமீட்டர் நரம்பு வரும் என்றால், நாள் ஒன்றுக்குச் சுமார் 20,000 சுற்று. அத்தனையும் தண்ணீரை எதிர்த்து, பாரத்தை இழுத்துக்கொண்டு!

இந்த வேலைக்கு பெய்ட்காஸ்டிங் ரீல் என்ற வகைதான் தோது. நரம்பு சுற்றிய உருளை கோலுக்குக் குறுக்காக உட்கார்ந்திருக்கும். வீசும்போது அந்த உருளையே சுழலும். கட்டைவிரலால் லேசாகத் தடவி அதன் வேகத்தை அடக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் நரம்பு சிக்கிக் குருவிக்கூடு ஆகிவிடும். உள்ளே பல்சக்கரங்கள், பேரிங்குகள், மீன் இழுக்கும்போது நரம்பை அளந்து விடுகிற ஒரு பிரேக். இதற்கு டிராக் என்று பெயர்.

கடைக்குப் போனால் இந்த ரீல் 80 டாலருக்கும் கிடைக்கிறது. 300, 400 டாலருக்கும் கிடைக்கிறது. எதை வாங்குவது?

நான் பி.காம். படித்தவன். இதைப் பார்த்ததும் கை தானாகவே தேய்மானக் கணக்குப் போடும். 80 டாலர் ரீல் 2 சீசனில் பல்லைக் கொட்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 40 டாலர். 320 டாலர் ரீல் 16 சீசன் உழைக்கிறது என்றால் வருஷத்துக்கு 20 டாலர்தான். விலை ஜாஸ்தியானதுதான் மலிவு. கணக்கு முடிந்தது, பேனாவை மூடலாம்.

அப்படி மூடிவிட முடியாது. மில்லில் ஷிப்ட் பார்த்துவிட்டு சனிக்கிழமை ஏரிக்கு வருகிறவனிடம் இன்றைக்கு 320 டாலர் இல்லை. 80-தான் இருக்கிறது. அதனால் அவன் 80 கொடுத்து வாங்குவான். இரண்டு வருஷம் கழித்து மறுபடி 80. 16 வருஷத்தில் 640 டாலர் கொடுத்திருப்பான். கையில் மிஞ்சுவது எட்டு செத்த ரீல்கள். பணக்காரனைவிட இரண்டு மடங்கு செலவழித்தவன் இவன். உலகத்திலேயே காஸ்ட்லியான சிக்கனம், ஏழையின் சிக்கனம்தான். ரீலில் மட்டுமா? செருப்பில், குடையில், மிக்ஸியில், வட்டிக்கு வாங்குகிற கடனில் எல்லாம் இதே கதைதான்.

இதுவரை சொன்னது உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் இந்தப் பேரேட்டில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது. அந்த மீன்.

மஸ்கி பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் அதைச் சாப்பிடுவதில்லை. பிடிப்பார்கள், அளப்பார்கள், ஒரு போட்டோ எடுப்பார்கள், திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். காரணம் இருக்கிறது. இந்த மீன் மெதுவாகத்தான் வளரும். 50 அங்குல நீளப் பெண் மஸ்கி என்றால் சாதாரணமாக 15 வயதைத் தாண்டியிருக்கும். அதைப் பிடிக்கிற ரீலைவிட வயதில் மூத்தது! அப்படி ஒன்று செத்தால், அந்த இடத்துக்கு இன்னொன்று வர இன்னொரு 15 வருஷம் ஆகும்.

விட்டுவிட்டால் மீன் பிழைத்துவிடும் என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை. தூண்டிலோடு ரொம்ப நேரம் போராடிய மீனின் தசைகளில் அமிலம் ஏறிவிடுகிறது. கையை விட்டு நீந்திப் போகும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பல மணி நேரம் கழித்து, யார் கண்ணிலும் படாமல், ஏரியின் அடியில் செத்துப்போகலாம். தண்ணீர் சூடாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் ஏரித் தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கினால், அதாவது நம் கணக்கில் 27 டிகிரி செல்சியஸ், மனசாட்சி உள்ளவர்கள் மஸ்கிக்குத் தூண்டில் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

இப்போது அந்த 80 டாலர் ரீலுக்கு வாருங்கள். சட்டம் மெல்லியது. பாரம் ஏறினால் லேசாக வளைகிறது. வளைந்தால் பல்லோடு பல் சரியாகப் பொருந்தாது, தேயும். டிராக் சீராக விடாமல் விக்கி விக்கி விடுகிறது. இதை வைத்திருப்பவன் மீன் மாட்டினால் என்ன செய்வான்? எங்கே உடைந்துவிடுமோ என்று பயந்து, மெல்ல மெல்ல விளையாட்டுக் காட்டுவான். மூன்று நிமிஷத்தில் முடிய வேண்டியது பத்து நிமிஷம் ஆகும். அல்லது நரம்பு அறுந்து, மூன்று முனைத் தூண்டில் முள்ளோடு மீன் ஓடிவிடும்.

வலுவான ரீல், 80 பவுண்ட் தாங்கும் பின்னல் நரம்பு, விரைப்பான கோல் எல்லாம் இருந்தால் போராட்டம் சீக்கிரம் முடியும். பெரிய ரீல் என்பது பந்தா என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். மஸ்கி விஷயத்தில் அது கிட்டத்தட்ட மரியாதை.

ஆக, மலிவு ரீலில் மிச்சமான 240 டாலர் எங்கேயும் மாயமாகிவிடவில்லை. ஒரு பகுதியை வாங்கியவன் பிற்பாடு தவணையில் கட்டுகிறான். இன்னொரு பகுதியை மீன் கட்டுகிறது. எட்டு செத்த ரீலைப் புதைக்கிற குப்பைமேடு இன்னொரு பகுதியைக் கட்டுகிறது. ரசீதில் இவர்கள் யார் பெயரும் இருக்காது. 'ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே' என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த மாதிரி சிக்கனம் இது.

"மீன் மேல் அவ்வளவு கருணை இருந்தால் பிடிக்காமலே இருக்கலாமே சார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு முழுசாகப் பதில் சொல்ல என்னால் முடியாது. விளையாட்டுக்காக ஒரு உயிரின் வாயில் முள்ளை மாட்டிவிட்டு, அப்புறம் அன்பாக வழியனுப்பி வைப்பதில் ஒரு முரண்பாடு இருக்கத்தான் செய்கிறது. எவ்வளவு நல்ல ரீலும் அதைத் துடைத்துவிடாது.

ஆனால் ஒரு தகவலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1950-ல் டிங்கல்-ஜான்சன் சட்டம் என்று ஒன்று வந்தது. மீன்பிடி சாமான் செய்கிற கம்பெனி, விலையில் 10 சதவிகிதத்தை வரியாகக் கட்ட வேண்டும். ரீலும் இதில் சேர்த்தி. அந்தப் பணம் மாநிலங்களின் மீன்வளத் துறைகளுக்குப் போகிறது. ஏரிகளைப் பராமரிக்க, மீன்களைக் கணக்கெடுக்க, குஞ்சு வளர்த்து விட என்று செலவாகிறது. லைசென்ஸ் கட்டணமும் இப்படித்தான். தூண்டில்காரன் இல்லாமல் போனால் மஸ்கிக்கு எதிரி ஒருவன் குறைவான், கூடவே அதற்குப் படியளக்கிறவனும் குறைவான். உலகம் இப்படித்தான் சிக்கலாக இருக்கிறது. அந்தச் சிக்கலுக்குள் நின்றுகொண்டுதான் நாம் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படியானால் சனிக்கிழமைக்காரன் என்ன செய்வது? 320 இல்லை, அதனால் ஏரிக்கு வராதே என்று சொன்னால், ஒழுக்கம் என்பது பணக்காரர்களின் சொத்தாகிவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம் உதவுகிறது. இந்த வகை ரீலை முதலில் செய்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஸ்னைடர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தில் இருந்தவர். தொழில், கடிகாரம் செய்வது. நூறு வருஷம் கழித்து, 1921-ல், ஸ்வீடனில் ஸ்வாங்ஸ்டா என்ற ஊரில் ஆபு என்ற கம்பெனி ஆரம்பித்தது. அந்தப் பெயரின் விரிவுக்கு அர்த்தமே கடிகாரத் தொழிற்சாலை என்பதுதான். கடிகாரத்தில் தொடங்கி, டாக்சி மீட்டருக்குப் போய், யுத்த காலத்தில் மீட்டர் வியாபாரம் படுத்துவிட, ரீலுக்கு வந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் அவர்கள் கொண்டுவந்த அம்பாசடர் ரீல் பின்னால் மஸ்கிக்காரர்களின் கையில் ஒட்டிக்கொண்டது.

கடிகாரக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தான் மூடியதை இன்னொருவன் ஒருநாள் திறப்பான் என்று தெரிந்தே மூடுவான். பழைய அம்பாசடர் ரீல்களின் பக்கத் தகட்டைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். தேய்ந்ததை மட்டும் மாற்றலாம். முப்பது, நாற்பது வருஷத்து ரீல்களுக்கும் பல பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. அதனால் சனிக்கிழமைக்காரன் 80 டாலரை எடுத்துக்கொண்டு புது ரீலைத் தேடாமல், நல்ல ஜாதிப் பழைய ரீலைத் தேடலாம். சட்டம் உலோகமா, வளையாமல் இருக்கிறதா? பல்சக்கரம் பித்தளையா? ஹேண்டில் நீளமா, கை நிறையப் பிடிக்க முடிகிறதா? ஒரு சுற்றுக்கு உருளை ஐந்து தடவை சுற்றினால் போதும். ஏழெட்டு தடவை சுற்றும் வேக ரீல், கனமான இரைக்கு, மேட்டில் டாப் கியரில் ஏறுகிற மாதிரி. இவ்வளவும் பார்த்து வாங்கி, ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டால், பணத்தால் முடியாததைக் கொஞ்சம் நேரத்தாலும் கவனத்தாலும் ஈடு கட்டிவிடலாம்.

பழைய ரீலுக்கு அந்த 10 சதவிகித வரி இல்லையே என்கிறீர்களா? உண்மைதான். அது முதல் தடவை விற்றபோதே கட்டியாகிவிட்டது. எந்தக் கணக்கும் முழுசாகச் சுத்தமாவதில்லை.

எதிர்ப்பக்கத்து ஆசாமியையும் விட்டுவிடக் கூடாது. 400 டாலர் ரீலை வாங்குவார். இருபது வருஷம் உழைக்கக்கூடியது. அடுத்த வருஷம் புது மாடல் வந்ததும் இதை அலமாரியில் போட்டுவிட்டு அதை வாங்குவார். நீடித்து உழைக்கிற பொருளை வாங்கி, அதை உழைக்கவே விடாதவர். 80 டாலர் ரீல் இரண்டு வருஷத்தில் தேய்ந்து செத்தது. இவருடையது தேயாமலே செத்தது. இரண்டாவதுதான் பெரிய பாவம் என்று எனக்குப் படுகிறது. உழைப்பு என்பது பொருளுக்குள் பாதிதான் இருக்கிறது. மீதி பாதி வைத்திருப்பவனிடம் இருக்கிறது.

மஸ்கிக்காரர்களின் படகில் இரும்புக் கம்பி வெட்டுகிற பெரிய கத்தரி ஒன்று இருக்கும். முள் ஆழமாக மாட்டிவிட்டால் மீனைப் போட்டுக் குடைய மாட்டார்கள். முள்ளையே வெட்டிவிடுவார்கள். முள் போனது போனதுதான், இன்னொன்று வாங்க வேண்டும். அந்தச் செலவு தன்னுடையது என்று அந்த நிமிஷத்தில் அவன் ஏற்றுக்கொள்கிறான், மீனின் தலையில் கட்டுவதில்லை.

'எனக்குக் கட்டுபடியாகுமா?' என்று எல்லோரும்தான் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். கூடவே இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். நான் கொடுக்காமல் மிச்சம் பிடிக்கிற காசை யார் கொடுக்கிறார்கள்? நூறு ரூபாய்ச் சட்டையில், பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வரும் மளிகையில், குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்த வேலையாளில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். சில சமயம் பதில், 'யாருமில்லை, நிஜமாகவே மலிவு' என்று வரும். சந்தோஷமாக வாங்கலாம். சில சமயம் யாரோ ஒருவரின் முகம் தெரியும்.

தேய்மானம் எந்தப் பொருளுக்கும் உண்டு. அதை யார் கணக்கில் எழுதுகிறோம் என்பதில்தான் நம் யோக்கியதை இருக்கிறது.